ஆட்டோடாக் வைனா: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்புரை

சிறு மூலக்கூறு ஒன்று ஒரு புரதத்தின் எந்தக் குழிவில், எந்தத் திசை நோக்கி, எத்தகைய முறுக்குடன் அமரக்கூடும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள்களை டாக்கிங் மென்பொருள்கள் என்கிறோம். அவற்றுள் ஆய்வு மாணவர்களும் மருந்து வடிவமைப்புக் குழுக்களும் மிகப் பரவலாகக் கையாளும் ஒன்று ஆட்டோடாக் வைனா. ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஓலெக் டிராட், ஆர்தர் ஓல்சன் ஆகிய இருவரும் உருவாக்கி 2010இல் ஆய்விதழ்வழி அறிமுகப்படுத்திய இம்மென்பொருள், அப்பாச்சி உரிமத்தின் கீழ் மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிறது. 2021இல் வெளியான 1.2 வரிசைப் பதிப்பைக் கட்டளை வரியிலும் பைத்தான் வழியாகவும் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்தி வந்திருக்கிறேன். இம்மதிப்புரை அந்த அனுபவத்தின் அடிப்படையிலானது.

மென்பொருளைப் பற்றிச் சொல்வதற்கு முன், அது விடைகாண முயலும் கேள்வி எவ்வளவு கடினமானது என்பதைச் சொல்லாவிட்டால் அதன் குறைகளை அளக்க நம்மிடம் அளவுகோலே இராது. நொதியும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்று எமில் ஃபிஷர் 1894இல் எழுதினார். 1958இல் டேனியல் கோஷ்லண்ட், சாவி நுழையும்போது பூட்டே தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது என்று அந்த உவமையைத் திருத்தினார். இவ்விருவருமே பேசாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு: தண்ணீர். குழிவும் மருந்தும், அதாவது அந்தச் சிறு மூலக்கூறும், சந்திப்பதற்கு முன் இரண்டையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கின்றன. ஒரு புதிய ஹைட்ரஜன் பிணைப்பு உருவாக வேண்டுமானால் நீரோடு இருந்த பழைய பிணைப்புகள் முறிய வேண்டும். ஆகவே நாம் இறுதியில் அளக்கும் பிணைப்பாற்றல் என்பது இரண்டு பெரிய தொகைகளைக் கழித்துக் கிடைக்கும் சிறு மீதி. அந்த மீதியில் அறை வெப்பநிலையில் மோலுக்கு ஏறத்தாழ 1.36 கிலோகலோரி மாறினாலே மருந்தின் பிணைப்பு வலிமை பத்து மடங்கு மாறிவிடும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இனங்காணும் விதத்தைக் கணிப்பதில் உள்ள தொல்லை முழுவதும் இந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. வைனாவைப் பற்றிய என் தீர்ப்பும் இந்த எண்ணைச் சுற்றியே அமையும்.

நிறுவுவதில் குறையொன்றுமில்லை. ஒரே கோப்பாக வரும் நிரலை இறக்கி வைத்தால் போதும். புரதக் கோப்பு, மருந்துக் கோப்பு, மருந்தைத் தேட வேண்டிய இடத்தை வரையறுக்கும் தேடல் பெட்டியின் மையம், பெட்டியின் மூன்று பக்க அளவுகள் ஆகியவற்றை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதிக் கொடுத்தவுடன் வேலை தொடங்கிவிடும். இதற்கு முந்தைய ஆட்டோடாக் 4இல் குழிவின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள ஆற்றலைக் குறிக்கும் கட்டங்களைத் தனியாகக் கணித்துச் சேமித்து வைக்க வேண்டியிருந்த சுமை இங்கே இல்லை. கணினியின் எல்லா மையங்களையும் தானாகவே பயன்படுத்திக்கொள்கிறது. முந்தையதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகம் என்று உருவாக்கியவர்கள் கூறியது மிகையாகத் தோன்றவில்லை; சாதாரண மடிக்கணினியில், நடுத்தர அளவுள்ள மருந்து மூலக்கூறு ஒன்றுக்குத் தேநீர் ஆறுவதற்குள் விடை வந்துவிடுகிறது.

முடிவாகத் திரையில் தோன்றும் அட்டவணையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மருந்து அமரக்கூடிய ஒன்பது நிலைகள் வரை வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆற்றல் மதிப்பும் (பூச்சியத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வலிய பிடிப்பு), அதையடுத்து விலகலைக் காட்டும் இரண்டு எண்களும் இருக்கும். அந்த விலகல் எண்கள், புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்கதிரால் கண்ட உண்மையான நிலையிலிருந்து அளக்கப்பட்டவை என்று எண்ணி ஆய்வேட்டில் எழுதிவிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை மென்பொருள் தானே முதலிடம் தந்த நிலையிலிருந்து மற்ற நிலைகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கின்றன; எனவேதான் முதல் வரிசையில் எப்போதும் பூச்சியம். உண்மையான விலகலை நாமே வேறொரு கருவியால், மூலக்கூறின் சமச்சீரைக் கணக்கில் கொண்டு அளக்க வேண்டும். இத்தனை பேர் பயன்படுத்தும் மென்பொருள் இந்த ஒரு தலைப்பை இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம்.

உள்ளே நடப்பது எளிமையானது. அந்த எளிமைதான் வேகத்துக்கும் காரணம், பிழைக்கும் காரணம். மூலக்கூறின் இடத்தையும் சுழற்சியையும் முறுக்குகளையும் தற்செயலாக மாற்றிப் பார்ப்பது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அருகிலுள்ள ஆற்றல் பள்ளத்துக்குள் இறங்குவது, அது ஏற்கத்தக்கதா என்று முடிவு செய்து மீண்டும் தொடங்குவது என்று தேடல் நடக்கிறது. மதிப்பெண் போடுவதற்கு ஆறு உறுப்புகள் மட்டுமே உள்ளன: அணுக்கள் நெருங்குவதைப் பாராட்டும் இரண்டு வளைவுகள், மிக நெருங்கினால் தண்டிக்கும் ஒன்று, நீர்வெறுப்புத் தொடர்புக்கு ஒன்று, ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒன்று, சுழலக்கூடிய பிணைப்புகளின் எண்ணிக்கைக்காக மொத்தத்தைக் குறைக்கும் ஒன்று. இவற்றின் எடைகள், பிணைப்பு வலிமை அளக்கப்பட்ட படிக அமைப்புகளைக் கொண்டு பொருத்திப் பெறப்பட்டவை. இந்த மதிப்பெண்ணில் மின்னூட்டம் என்ற உறுப்பே இல்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை; புரதக் கோப்பில் ஒவ்வொரு அணுவுக்கும் எதிரே மின்னூட்ட எண் எழுதப்பட்டிருப்பதால், அது பயன்படுகிறது என்றே நம்பிவிடுகிறார்கள்.

இந்த விடுபாடு சிறியதன்று. இன்ஃப்ளுயன்சா வைரசின் நியூராமினிடேஸ் நொதிக்கு எதிரான சனாமிவிர் உருவான வரலாற்றை நினைத்துப் பார்க்கலாம். பீட்டர் குட்ஃபோர்டின் கிரிட் நிரலைக் கொண்டு நொதியின் குழிவை ஆராய்ந்தபோது, அங்கே நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு தொகுதியை வைத்தால் பிடிப்பு கூடும் என்று தெரிந்தது. சியாலிக் அமிலச் சாயல் கொண்ட மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கிக் குவானிடின் தொகுதியை வைத்தபோது, எதிர்மின்னூட்டம் கொண்ட குளுட்டமேட்டுகளோடு அது இறுகிப் பிணைந்தது. 1993இல் வெளியான அந்த ஆய்வின் மருந்து 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வைனாவின் இயல்பான மதிப்பெண்ணுக்கு அந்தக் குவானிடின் தொகுதி ஹைட்ரஜன் தருகிற சில நைட்ரஜன்களாக மட்டுமே தெரியும். மின்னூட்டத்தைக் கணக்கில் கொள்ளும் ஆட்டோடாக் 4இன் மதிப்பெண்ணையும் 1.2 பதிப்பில் தெரிவு செய்துகொள்ள வழி வைத்திருப்பது ஆறுதல். அதற்கு மட்டும் கட்டங்களை மீண்டும் தனியாகக் கணிக்க வேண்டியிருக்கிறது.

இனி, இம்மென்பொருள் நன்றாகச் செய்வது எது? கையேட்டிலேயே முதற்பயிற்சியாக வைக்கப்பட்டிருப்பது ஏபிஎல் கைனேஸ் என்ற நொதியும் அதைத் தடுக்கும் இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தும் இணைந்த அமைப்பு. புரதத் தரவு வங்கியில் அதன் எண் 1ஐஇபி. படிகத்திலிருந்து மருந்தை எடுத்துவிட்டு, 20 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள பெட்டிக்குள் அதை மீண்டும் தேடச் சொன்னால், உண்மையான நிலைக்கு மிக அருகில் கொண்டுவந்து வைக்கிறது. தேடலின் தீவிரத்துக்கான இயல்பு மதிப்பு 8. இந்த மூலக்கூறுக்குக் கையேடே 32 வைக்கச் சொல்கிறது. அந்த அறிவுரையைப் புறக்கணித்து 8இலேயே ஓட்டினால் ஒரு முறை சரியாகவும் மறுமுறை தவறாகவும் வரக்கூடும். தேடல் தற்செயலை நம்பியது என்பதால் வேறு வேறு தொடக்க எண்களோடு சில முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. அறிமுக ஆய்விதழில் 190 அமைப்புகளைக் கொண்டு சோதித்தபோது, 78 விழுக்காட்டில் முதல் விடையே 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தது. ஆட்டோடாக் 4க்கு அது 49 விழுக்காடு. மருந்து எங்கே அமரும் என்ற கேள்விக்கு, இத்தனை எளிய கணக்கிலிருந்து இவ்வளவு நல்ல விடை வருவது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனையில் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. நாம் கொடுத்த புரதம், அதே மருந்தைத் தழுவியபடி உறைந்த புரதம். கோஷ்லண்ட் சொன்ன உருமாற்றம் நமக்காக முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதே இமாட்டினிப்பை, அதே நொதிக்கான மற்றொரு மருந்தாகிய டாசாட்டினிப்போடு படிகமான 2ஜிகியூஜி அமைப்பில் வைத்துத் தேடச் சொல்லுங்கள். டாசாட்டினிப் பற்றியிருப்பது கைனேசின் செயல்படும் உருவத்தை. இமாட்டினிப் நாடுவது, அஸ்பார்டேட், பீனைல்அலனின், கிளைசீன் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு புரண்டு திரும்பிய செயலற்ற உருவத்தை. முன்னதில் இமாட்டினிப்பின் பின்பாதி நுழைய வேண்டிய அறை பூட்டிக் கிடக்கிறது. வைனா அதற்காகத் தயங்குவதில்லை; ஒன்பது நிலைகளையும் அவற்றின் மதிப்பெண்களையும் வழக்கமான தோரணையிலேயே அச்சிட்டுத் தருகிறது. சில பக்கச்சங்கிலிகளை மட்டும் அசையவிடும் வசதி உண்டு என்றாலும், முதுகெலும்பே புரளும் இத்தகைய மாற்றத்துக்கு அது உதவாது. எந்த உருவத்தைக் கொடுப்பது என்ற முடிவு முழுவதும் நம் பொறுப்பு.

கொடுக்கும் கோப்பைச் சீர்செய்வதில்தான் என் நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது. இலவச மென்பொருளுக்கு நாம் உண்மையில் செலுத்தும் விலை இதுவே. எக்ஸ்கதிர்ப் படிக அமைப்புகளில் பெரும்பாலும் ஹைட்ரஜன் அணுக்கள் தெரிவதில்லை. ஹிஸ்டிடினின் எந்த நைட்ரஜனில் ஹைட்ரஜன் உள்ளது, ஆஸ்பரஜினின் பக்கச்சங்கிலியில் ஆக்சிஜனும் நைட்ரஜனும் இடம் மாறி வரையப்பட்டிருக்கின்றனவா, மருந்தின் அமீன் தொகுதி உடலின் அமிலத்தன்மையில் புரோட்டானை ஏற்றிருக்குமா என்பனவற்றையெல்லாம் நாமே தீர்மானிக்க வேண்டும். அமைப்பின் தரத்தையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், புரதச் சங்கிலியின் எந்த முறுக்குகள் இயலும் என்று காட்ட ஜி.என். ராமச்சந்திரன் குழுவினர் 1963இல் வகுத்த வரைபடத்தில் எத்தனை அமினோ அமிலங்கள் தடைசெய்யப்பட்ட பகுதிகளில் விழுந்திருக்கின்றன என்பதைத் தரவு வங்கியின் சரிபார்ப்பு அறிக்கையே காட்டிவிடும், ஆனால் அவற்றுள் ஏதேனும் நம் குழிவின் ஓரத்தில் இருக்கிறதா என்பதை நாம்தான் தேட வேண்டும். பழைய ஆட்டோடாக் டூல்ஸ் வரைகலைக் கருவி வயதாகிவிட்டது. மருந்துக் கோப்பைத் தயாரிக்க இப்போது மீகோ என்ற பைத்தான் தொகுப்பு அதைவிட நம்பகமாக இருக்கிறது.

இதில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியில், அதைத் தடுக்கும் சல்ஃபோனமைடு என்ற சேர்ம வகையில் சிலவற்றை வைத்துப் பார்த்தபோது, அனைத்தும் தலைகீழாகவே அமர்ந்தன. பெட்டியை மாற்றினேன், தீவிரத்தைக் கூட்டினேன், இரண்டு நாள் மென்பொருளைக் குறைசொன்னேன். பிறகுதான் தெரிந்தது: நீர் மூலக்கூறுகளை நீக்குவதற்காக நான் எழுதிய ஒற்றை வரிக் கட்டளை, புரதமல்லாத அனைத்தையும் துடைத்தெறிந்ததில் குழிவின் அடியிலிருந்த துத்தநாக அயனியும் போய்விட்டது. சல்ஃபோனமைடு தன் புரோட்டானை இழந்து நைட்ரஜனால் நேரடியாகப் பற்றுவது அந்தத் துத்தநாகத்தைத்தான். படிக அமைப்பின் துணைகொண்டு வடிவமைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்த முதல் மருந்துகளில் ஒன்றென்று பாடநூல்கள் எடுத்துக்காட்டும் டோர்சோலமைடு, இதே நொதியில் இதே துத்தநாகத்தைப் பற்றியே கண் அழுத்தத்தைக் குறைக்கிறது. உலோகத்தைத் திரும்ப வைத்த பிறகும், துத்தநாகத்துக்கென வகுத்த தனி அளபுருக்களோடு ஆட்டோடாக் 4 மதிப்பெண்ணைப் பயன்படுத்தியபோதுதான் வடிவவியல் ஒழுங்காக வந்தது.

அடுத்து மதிப்பெண். வைனா தரும் எண்ணுக்குக் கிலோகலோரி என்ற அலகு இருப்பதே எனக்கு ஓரளவு உறுத்தல். அறிமுக ஆய்விதழ் நேர்மையாகவே தன் நியமப் பிழையை 2.85 கிலோகலோரி என்று குறிப்பிட்டிருக்கிறது. பத்து மடங்குக்கு 1.36 என்ற கணக்கை இதோடு வைத்துப் பார்த்தால், வழக்கமான பிழையே பிணைப்பு வலிமையில் நூறு மடங்கைத் தாண்டுகிறது. அப்படியிருக்க, ஒரு மூலக்கூறு −9.1 பெற்றது, இன்னொன்று −8.7 பெற்றது, ஆகவே முன்னதே சிறந்த மருந்து என்று முடிவுரை எழுதும் கட்டுரைகள் மாதந்தோறும் வந்துகொண்டிருப்பதற்கு மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னொரு சாய்வும் உண்டு. தொடர்புகளைக் கூட்டிச் செல்லும் மதிப்பெண் என்பதால் பெரிய மூலக்கூறுகளுக்கு இயல்பாகவே கூடுதல் எண் கிடைக்கிறது. சுழலும் பிணைப்புகளுக்கான கழிவு அதை முழுவதும் ஈடுசெய்வதில்லை. வரிசையின் உச்சியில் பருத்த, எண்ணெய்த்தன்மை மிகுந்த மூலக்கூறுகளே நிற்கக் கண்டால், புரதத்தைவிட மதிப்பெண்ணைப் பற்றித்தான் நாம் அதிகம் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

எதிர்ப்புறப் பிழைக்குப் பயோட்டின் என்ற வைட்டமினும் அதைப் பற்றும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் நல்ல எடுத்துக்காட்டு. ஹைட்ரஜன் நீங்கலாகப் பதினாறே அணுக்கள் கொண்ட பயோட்டினை அந்தப் புரதம் ஏறத்தாழ −18 கிலோகலோரி அளவுக்கு இறுகப் பற்றுகிறது. சகப்பிணைப்பு இல்லாமல் இயற்கையில் அறியப்பட்ட மிக வலிய பிடிப்புகளில் அது ஒன்று. வைனா பயோட்டினைச் சரியான இடத்தில் வைத்துவிடும், ஆனால் அதன் மதிப்பெண் அந்த எண்ணிலிருந்து வெகு தொலைவில் நின்றுவிடும். யூரியா வளையத்தைச் சுற்றி ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதும், மூடி போன்ற வளைவு ஒன்று வந்து வாயை அடைப்பதும் ஆறு உறுப்புகளைக் கூட்டும் கணக்குக்குள் வருவதில்லை. இனங்காணுதல் என்பது தனித்தனித் தொடர்புகளின் கூட்டுத்தொகை என்ற அனுமானம் எங்கே உடைகிறது என்று காட்டுவதற்காகவே வகுப்பில் இதைச் செய்துகாட்டுவேன்.

நீரைப் பொறுத்தவரை 1.2 பதிப்பு ஓரடி முன்னே வைத்திருக்கிறது. எச்ஐவி புரோட்டியேசில், இரண்டு மடல்களுக்கும் மருந்துக்கும் இடையே பாலமாக ஒரு நீர் மூலக்கூறு நிற்கும். 1994இல் வெளியான வளைய யூரியாச் சேர்மங்கள் அந்த நீரின் இடத்தைத் தாமே எடுத்துக்கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்டன. ஒரே குழிவில், ஒரு வகை மருந்துக்கு அந்த நீர் வேண்டும், மற்றொரு வகைக்கு வேண்டாம். மருந்தோடு நீரையும் ஒட்டவைத்து அனுப்பி, இருக்கலாமா விலகலாமா என்று தேடலே முடிவு செய்யும் வசதி இப்போது இருக்கிறது. இதனோடு பெருவளைய மூலக்கூறுகளை நெகிழ்வுடன் கையாளவும், ஒரே குழிவில் ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கவும் வழி உண்டு.

இம்மென்பொருள் குடும்பத்தின் பெருமையாகச் சொல்லப்படும் கதை ஒன்றையும் சற்று நிதானமாகப் பார்க்கலாம். 2004இல் மெக்கமன் குழுவினர், எச்ஐவி இன்டிகிரேஸ் நொதியின் அசைவுகளை முதலில் உருவகப்படுத்தி, அவற்றிலிருந்து எடுத்த பல உருவங்களில் ஆட்டோடாக்கை ஓட்டி, படிகத்தில் புலப்படாத ஒரு பள்ளத்தைக் கண்டறிந்தனர். அந்நொதியைத் தாக்கும் முதல் மருந்தான ரால்டெக்ராவிர் 2007இல் அனுமதி பெற்றது. டாக்கிங்கே மருந்தைக் கண்டுபிடித்தது என்று இரண்டையும் ஒரே வரியில் கோத்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. மருந்தாக்கத்தின் நீண்ட வேதியியல் உழைப்பை அது மறைத்துவிடுகிறது. பயனாளருக்கு அக்கதையில் உதவக்கூடியது, ஒரு புரத உருவத்தோடு நின்றுவிடாமல் பல உருவங்களில் ஓட்ட வேண்டும் என்ற செய்முறைக் குறிப்பு. வைனாவின் வேகம் அதற்குத் தாராளமாக இடம் தருகிறது.

மாற்றுகளைப் பொறுத்தவரை, மதிப்பெண்ணை நம் விருப்பப்படி மாற்றியமைக்க வேண்டுமானால் வைனாவிலிருந்து கிளைத்த ஸ்மினா உதவும். அதன்மேல் நரம்பு வலைப்பின்னலைச் சேர்த்தது ஜினினா, நிலைகளை வரிசைப்படுத்துவதில் அது பல வேளைகளில் மேலானது. 2024இல் அறிமுகமான ஆல்ஃபாஃபோல்டு 3, புரதத்தின் உருவத்தையே கொடுக்காமல் அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தையும் மருந்தையும் சேர்த்தே மடித்துக் காட்டி, நிலையைக் கணிப்பதில் வைனாவை முந்தியது. வைனாவுக்கு இனி இடமில்லை என்று நான் கருதவில்லை. ஆழ்கற்றல் முறைகள் பல, அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய, பிணைப்புக் கோணங்கள் நெளிந்த நிலைகளைத் தருவதாக, கணித்த நிலைகள் வேதியியல்படி இயலுமா என்று பார்க்கும் போஸ்பஸ்டர்ஸ் சோதனை எடுத்துக்காட்டியது. வைனா பிணைப்பு நீளங்களையும் கோணங்களையும் தொடுவதே இல்லையாதலால் அவ்வகைப் பிழைகள் அதனிடம் அரிது. அது தவறினாலும் ஏன் தவறியது என்று ஆறு உறுப்புகளையும் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிட முடியும்.

குழிவு தெரிந்த, உலோகம் இல்லாத, ஓரளவு விறைப்பான புரதத்தில், சுழலும் பிணைப்புகள் பத்துக்குள் உள்ள மூலக்கூறுகளின் அமர்வைப் பார்க்க விரும்புவோருக்கு வைனாவைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பெரும் நூலகங்களைச் சலிப்பதற்கும் அது ஏற்றது. ஆனால் சலித்தெடுத்த பட்டியலின் முதல் பத்தை மட்டும் வாங்கிச் சோதிக்க நினைப்பவர்கள், டாக் என்ற மற்றொரு மென்பொருளைக் கொண்டு 2019இல் டோபமைன் டி4 ஏற்பிக்கு நடந்த தேடலைப் பார்க்க வேண்டும். அங்கே பதினான்கு கோடியை ஒட்டிய மூலக்கூறுகளைக் கணினியில் சலித்த பிறகு, நல்ல மதிப்பெண் பெற்றவை மட்டுமன்றி நடுத்தரமும் தாழ்ந்ததும் பெற்றவையுமாக 549 மூலக்கூறுகளைத் தயாரித்து ஆய்வகத்தில் அளந்தார்கள். என் கணினியில் இப்போது ஒரு சிறு நிரல் இருக்கிறது: படிகத்திலுள்ள மருந்தை முதலில் எடுத்துத் திரும்ப வைத்துப் பார்க்கும், விலகல் 2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டினால், புதிய மூலக்கூறுகளின் பட்டியலைத் திறக்கவே விடாது.